பருத்திக்கொட்டை கொடுத்தும் ஃபேட் இறங்குவது ஏன்?

கேள்வி:
ஜெர்சி கலப்பினம், 380 கிலோ எடை, கன்று போட்டு மூன்றாம் மாதம், தினம் 12 லிட்டர் கறவை. கோ-4 புல், சோளத்தட்டு, 5 கிலோ கலப்புத் தீவனம். பாலில் ஃபேட் (கொழுப்புச் சதவீதம்) ஏறட்டும் என்று 2 கிலோ பருத்திக்கொட்டையை ஊறவைத்து கிரைண்டரில் ஆட்டிக் கொடுக்கிறோம். ஃபேட் 4.1-லிருந்து 3.5, எஸ்.என்.எப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) 8.4-லிருந்து 8.1. சாணமும் இளகல். கொட்டையை நிறுத்திவிடலாமா?

பதில்:
கொட்டை இருக்கட்டும், ஆட்டுவதை நிறுத்துங்கள். கொட்டையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். முழுசாகத் தின்றால் அசைபோட அசைபோடக் கொஞ்சங்கொஞ்சமாக வெளிவரும். ஆட்டினால் 400 கிராம் எண்ணெயும் ஒரே நேரத்தில் பெருவயிற்றில் இறங்கி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை முடக்குகிறது. அந்த நாரிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள். போதாததற்கு, எண்ணெயிலுள்ள லினோலிக் அமிலம் வயிற்றில் பாதி மாறி உண்டாகும் ஒரு கொழுப்பமிலம், மடியில் கொழுப்பு உற்பத்தியையே தடுக்கும்.

அளவும் அதிகம். மொத்தக் கொழுப்பு உலர்பொருளில், அதாவது ஈரம் நீக்கிக் கணக்கிடும் மொத்தத் தீவன எடையில், 6 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 12 கிலோ உலர்பொருளுக்கு 720 கிராம். புல், தட்டு, கலப்புத் தீவனத்திலேயே 350 வந்துவிடும். ஆக, 1 முதல் 1.5 கிலோ கொட்டை போதும், அதையும் இரண்டு வேளையாகப் பிரித்து.

கேள்வி கேட்டவர்:
முழுசாகப் போட்டால் சாணத்தில் அப்படியே வருகிறதே அண்ணா?

பதில்:
அங்கொன்று இங்கொன்று வந்தால் பரவாயில்லை. நிறைய வந்தால் நீளத் தட்டு போதவில்லை என்று அர்த்தம். நார் மெத்தை இருந்தால்தான் கொட்டை பெருவயிற்றில் தங்கி, அசைபோட மேலே வரும். பஞ்சு நீக்கிய கொட்டை சீக்கிரம் நழுவிவிடும், அதை மட்டும் இரண்டாக உடைபடும் அளவுக்கு நொறுக்குங்கள். மாவாக வேண்டாம்.

மற்றொரு பதில்:
எஸ்.என்.எப் பற்றி: எண்ணெயிலிருந்து பெருவயிற்று நுண்ணுயிர்களுக்குச் சக்தி கிடைக்காது. அவை பெருகாவிட்டால் மாட்டுக்குப் புரதம் குறையும், பாலிலும் புரதம் இறங்கும். முதலில் ஃபேட் திரும்பட்டும், இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகு கலப்புத் தீவனத்தில் அரை கிலோவைக் குறைத்து, அந்த அளவுக்கு மக்காச்சோளக் குருணை சேருங்கள். எண்ணெய் கால்சியத்தைச் சோப்பாகக் கட்டிவிடும் என்பதால் தாது உப்புக் கலவை ஒருநாளும் விடக்கூடாது.

பூசணம் பிடித்த, கட்டி தட்டிய கொட்டையை விலை குறைவென்று வாங்கவே வாங்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு பாலுக்குள் வரும், காய்ச்சினாலும் போகாது. சிறு கன்றுகளுக்குப் பருத்திக்கொட்டையே வேண்டாம். அதிலுள்ள காசிப்பால் (gossypol) என்ற நஞ்சை முறிக்கும் பெருவயிறு அவற்றுக்கு இன்னும் வளர்ந்திருக்காது.