புதுப்பிப்பு: பொங்கல் விடுமுறையில் செட்டிநாட்டு வீடுகள்

பொங்கல் விடுமுறையில் செட்டிநாட்டின் பழைய வீடுகளைப் பார்க்க விரும்புவதாகவும், எவற்றுக்குள் செல்ல இயலும் என்றும் மார்கழியில் கேட்டிருந்தேன். சென்று வந்துவிட்டோம்; வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

1912-ல் கட்டி முடிக்கப்பட்ட கானாடுகாத்தான் அரண்மனையை வெளியிலிருந்தே பார்த்தோம். ஆத்தங்குடியில் கட்டணம் செலுத்தி ஒரு பெரிய வீட்டைச் சுற்றி வந்தோம். ஆனால் மனத்தில் நிற்பது, நண்பர் ஒருவரின் உறவினர் வீடுதான். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் அவ்வீடு, பங்காளிகள் பொங்கலுக்கு வந்திருந்ததால் திறந்திருந்தது. முகப்பைக் கடந்து, பர்மா தேக்குத் தூண்கள் நிற்கும் பட்டாலை என்னும் கூடத்தின் வழியே, முற்றத்தை நடுவில் கொண்ட வளவுக்குள் நுழைந்தபோது, திருமணமான மகன்களுக்கென ஒதுக்கப்பட்ட அறைகள் முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருந்தன. வெறுங்காலுடன் நடந்து பாருங்கள் என்றார் வீட்டு ஆச்சி. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி வார்க்கப்படும் ஆத்தங்குடித் தரைக்கல், நண்பகலிலும் குளிர்ந்திருந்தது.

வளவுக்கு அடுத்த பகுதியான இரண்டாங்கட்டில் மட்டும் ஓடு சரிந்து, மழைநீர் தேக்கு உத்தரத்தைக் கறுக்க வைத்திருந்தது. பங்காளிகள் அனைவரும் ஒப்புக்கொண்டால்தான் பழுதுபார்க்க முடியுமாம். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற ஊர்கள் இவை என்பதால், அக்காட்சி எனக்கு மிகுந்த வேதனை அளித்தது.

செல்பவர்கள் முன்கூட்டியே வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாமி அறையைப் படம் எடுக்க வேண்டாம்.