ஒரு மதிப்பெண் கேள்வியும் எங்கள் பேராசிரியரும்

மயிலாடுதுறையிலிருந்து, முன்னாள் மாணவர்

தமிழின் முதல் நாவல் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்று சொல்லிவிடுவார்கள். எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்பதும், வெளிவந்த ஆண்டு 1879 என்பதும் தேர்வெழுதியவர்களுக்கெல்லாம் மனப்பாடம். அந்த நூலைப் பிரித்து நான்கு பக்கம் படித்தவர்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்தக் குறையைப் போக்குவதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்த பேராசிரியரிடம் 1988இல் முதுகலை பயின்றேன். இந்த ஆண்டு அவருக்கு எண்பது வயது நிறைகிறது. விழா எடுக்க அவர் இசையவில்லை. ஆகவே அவரோடு பழகியவர்கள் தத்தம் அனுபவத்தை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதலில் என்னுடையதை வைக்கிறேன்.

முதல் வகுப்பில் ஐயா இரண்டே கேள்விகள் கேட்டார். நாவலின் பெயர் தெரிந்தவர்கள் யார் என்றபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. படித்தவர்கள் யார் என்றபோது ஒரு கையும் உயரவில்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை. நாற்காலியை மேசைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் அதிகாரத்திலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார். மணி அடிக்கும்வரை ஒரு சொல்லுக்கும் விளக்கம் சொல்லவில்லை. திண்ணையில் ஒருவர் படிக்க நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலத்து வசனம் அது, கண்ணால் மேய்ந்தால் அதன் சிரிப்பு பிடிபடாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். மூன்றாம் நாள் வகுப்பே சிரித்தது.

அவ்வாண்டு ஐப்பசியில், துலா நீராட்டத்துக்குக் கூட்டம் கூடியிருந்த ஒரு காலையில், எங்களைக் காவிரியின் துலாக்கட்டத்துக்கு அழைத்துப் போய்ப் படியில் உட்கார வைத்து, தம் வாழ்நாள் கேள்வியை எங்கள் முன் வைத்தார். திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்து, தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்துவிட்டு அன்று மாயூரம் எனப்பட்ட இந்த ஊருக்கு வந்த வேதநாயகம் பிள்ளையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருமே பாட்டில் பேசியவர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். தாது வருடப் பஞ்சத்தில் ஏழைகளுக்கு அவர் செய்த உதவியைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் ‘நீயே புருஷ மேரு’ என்று பாடினார். அவரும் நீதிநூலும் பெண்மதி மாலையும் சர்வ சமய சமரசக் கீர்த்தனையும் செய்தவர்தான். செய்யுளில் இவ்வளவு வசதியாக இருந்த மனிதர் வசனத்துக்கு ஏன் வந்தார்? தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையை நீக்கவே எழுதியதாக முன்னுரையில் அவரே காரணம் சொல்லியிருக்கிறார். ஐயாவுக்கு அது போதவில்லை. நாள்தோறும் வாதியும் பிரதிவாதியும் சாட்சிகளும் பேசக் கேட்டுக் கேட்டு, ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்று தமிழில் பெயர்த்தும் கொடுத்தவருக்கு, ஓசைக்காக வளைக்காமல் ஒரு செய்தியை நேரே சொல்ல வேண்டிய தேவை கைவந்த பழக்கமாகிவிட்டது என்றும், நம் நாவல் பிறந்த இடம் நீதிமன்றத்தின் கூண்டு என்றும் ஐயா சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அதைத்தான் ஒவ்வொரு வாக்கியமாக மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறார்.

நாகப்பட்டினத்திலிருந்து, வழக்கறிஞர்

மேலே எழுதியவர் சொன்ன கூண்டை ஐயா ஏட்டில் மட்டும் தேடவில்லை என்பதற்கு நான் சாட்சி. பணி ஓய்வு பெற்ற பிறகு நான் வழக்காடும் முன்சீப் கோர்ட்டுக்கு அவர் வந்து, பின்பெஞ்சில் அமர்ந்து, குறுக்கு விசாரணைகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பார். வரப்புத் தகராறு ஒன்றில் ஒரு மூதாட்டி சொன்ன சாட்சியம் முடிந்ததும் என்னிடம் வந்து, அந்த அம்மாள் ‘அப்படியிருக்க’ என்ற சொல்லை எத்தனை முறை ஆண்டார் என்று கவனித்தீர்களா என்று கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. தமிழ் மக்களின் வழக்கைத் தமிழ் நீதிபதி முன்னால் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடும் வினோதத்தை நாவல் இடித்துரைக்கும் பகுதியை அன்று மாலை எனக்குப் படித்துக் காட்டினார். அதன் பிறகு, கட்சிக்காரருக்குப் புரியாத ஒரு வாக்கியத்தை நான் கோர்ட்டில் பேசுவதில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து, புத்தகக் கட்டுநர்

எனக்கு இலக்கியம் தெரியாது. ஐயாவின் புத்தகத்தை மூன்று முறை பிரித்துக் கட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதன்முறை அவர் வந்தபோது, ஒவ்வொரு தாளுக்கும் இடையில் ஒரு வெள்ளைத்தாள் வைத்துத் தைத்துத் தரவேண்டும் என்றார். அப்படி வைத்தால் புத்தகம் இரு மடங்கு தடித்துவிடும், முதுகு தாங்காது என்றேன். அப்படியானால் இரண்டு பாகமாகக் கட்டுங்கள் என்றார். காலிகோ துணி போட்டு, மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, இரண்டு பாகமாகவே கட்டிக் கொடுத்தேன். பத்தாண்டு கழித்து மறுபடி வந்தபோது வெள்ளைத்தாள் ஒன்றில்கூட இடமில்லை. எல்லாம் பென்சிலில் எழுதியவை. ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் படித்த தேதி இருந்தது.

மூன்றாம் முறை 2018 நவம்பரில், கஜா புயல் அடித்த வாரம். ஓடு பறந்த வீட்டில் அலமாரியோடு நனைந்த இரண்டு பாகங்களையும் வேட்டியில் சுற்றி எடுத்து வந்தார். ஊரில் மின்சாரம் கிடையாது. தையலைப் பிரித்து, தாள்களைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, ஈரம் ஊற ஊற மாற்றி மாற்றிப் பதினொரு நாள் நிழலில் உலர்த்தினோம். முதல் பக்கத்தில் பேனாவால் அவர் எழுதியிருந்த பெயர் நீலக் கறையாகப் போயிருந்தது. பென்சில் எழுத்து ஒன்றுகூட அழியவில்லை. அவர் தாம் எழுதியதைப் பார்க்கவில்லை. அச்சடித்த பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். என் வீட்டுக் கூரையும் போயிருந்தது. மறுநாள் தார்ப்பாய் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, அதைக் கட்டும்வரை கூடவே நின்றார்.

கும்பகோணத்திலிருந்து, ஆய்வாளர்

ஐயாவை நான் எதிர்த்தவள். நாவலின் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு, யானை மாலையிட்டதால் விக்கிரமபுரிக்கு அரசனாகி, கணவனைவிடச் சிறப்பாக எல்லாவற்றையும் நடத்திக் காட்டுகிறாள். கடைசியில் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்துக்குத் திரும்புகிறாள். பெண்கல்விக்காகப் பாடிய ஒருவர் அவளை ஏன் ஆண் வேடத்திலேயே ஆள வைத்தார், சேலையோடு ஆள வைத்திருக்கக் கூடாதா என்று ஒரு கருத்தரங்கில் கேட்டேன். அரங்கில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஐயா எழுந்து, நாற்பது முறை படித்தும் தமக்குத் தோன்றாத கேள்வி இது என்று சொல்லி அமர்ந்தார். அடுத்த வாரம் அஞ்சலில் ஒரு கட்டு வந்தது. ஞானாம்பாள் பேசும் இடங்களையெல்லாம் ஒரு தாளிலும், அவளைப் பற்றிப் பிறர் பேசும் இடங்களையெல்லாம் இன்னொரு தாளிலும் பிரித்து எழுதி அனுப்பியிருந்தார். எனக்கு மறுப்புரையாக ஒரு வரியும் இல்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்தத் தாள்களின் மேல் நிற்கிறது. அதன் முடிவு அவருடைய கருத்துக்கு நேர் மாறானது.

நாவலின் குறைகளையும் அவர் மறைத்ததில்லை. கதைக்குள் கதையாக அடுக்கிக்கொண்டே போவதும், உபதேசம் நீளும்போது கதைமாந்தர்கள் நின்றுவிடுவதும் உண்மை என்று அவரே சொல்வார். பாடத்திட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டு இலக்கிய வரலாற்றில் ஒரு பத்தியாக ஆக்கியபோது மட்டும், அந்த ஒரு மதிப்பெண்ணையும் எடுத்துவிடுங்கள், பெயரை மட்டும் வைத்திருப்பது கல்லறை கட்டுவதாகும் என்று கடிதம் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை.

குத்தாலத்திலிருந்து, பள்ளி ஆசிரியை

ஐயாவிடம் நேரில் படித்தவள் அல்லள். இங்கே முதலில் எழுதிய அண்ணன் வழியாக அவரைப் பார்க்கப் போனேன். என் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் நடவுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள். இந்த வசனம் அவர்களுக்கு எட்டுமா என்று கேட்டேன். எட்டாது என்று யார் பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டு, யானை மாலை போடும் பகுதியைத் தம் கையால் பெரிய எழுத்தில் படியெடுத்துக் கொடுத்தார். மூச்சு விட வேண்டிய இடங்களில் சிறு கோடுகள் போட்டிருந்தார்.

குறுவை அறுவடை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பிரிவேளையில் படித்தேன். அந்தக் கோடுகளில் மட்டும் நின்றேன். பட்டத்து யானை கூட்டத்துக்குள் வரும் இடத்தில் மணி அடித்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிய பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன், யானை யாருக்கு டீச்சர் மாலை போட்டது என்று கேட்டான். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை ஐயாவைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, எந்தச் சொல்லில் நிறுத்தினாய் அம்மா, சொல், குறித்துக்கொள்கிறேன் என்றார். மேசை இழுப்பறை திறக்கும் ஒலியும், அவர் பென்சில் தேடும் ஒலியும் கேட்டன.