பழைய கிராமபோன் கடைச் சரக்கு: தட்டு, பெட்டி, ஆர்மோனியம் – எப்படிப் பிரித்து விற்பது?

பள்ளத்தூர்ப் புள்ளி:

வணக்கம். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டை ஒதுக்குகிறோம். ஐயா காலத்தில் கிராமபோனும் வாத்தியமும் விற்ற கடையின் மிச்சச் சரக்கு இரண்டாம் கட்டு அறையில் கிடக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகள் இருநூறு வரை தேறும். புனல் வைத்த பெட்டி ஒன்று, சூட்கேஸ் மாதிரி மூடுகிற பெட்டி ஒன்று, ஊசி டப்பாக்கள், ஆர்மோனியம் இரண்டு, பிடில் ஒன்று, பாட்டுப் புத்தகங்களும் பில் புத்தகங்களும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. பழம்பொருள் வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் ஒண்ணடி மண்ணடியாக ஒரே விலைக்குக் கேட்கிறார். பங்காளிகள் சம்மதம் வாங்கியாகிவிட்டது. தட்டுகளின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைத் தனியாக விற்பது, விற்கும் முன் எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டுப்பித்தன்:

மொத்தமாகக் கொடுக்காதீர்கள். அப்படி வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது புனல் மட்டும்தான். தட்டுகள் எடைக்குப் போய்விடும். கடைச் சரக்கு என்கிறீர்கள், அப்படியானால் ஊசியே படாத தட்டுகள் அதில் இருக்கக்கூடும். வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் தேய்ந்தவை என்பதால் இதற்குத் தனி மதிப்பு.

முதலில் தட்டுகளைக் காலவாரியாகப் பிரியுங்கள். 78 என்பதாலேயே போருக்கு முந்தையது என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் 1960களிலும் 78 அச்சிட்டார்கள், அந்தக் காலச் சினிமாப் பாட்டுத் தட்டுகள் இன்றும் ஏராளம். கிராமபோன் கம்பெனி இந்தியாவில் முதலில் பாட்டுப் பதிந்தது 1902 நவம்பரில், கல்கத்தாவில். அச்சடிக்க ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்பினார்கள். கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வந்தது 1908இல்தான். ஆகவே லேபிளில் ஹானோவர் என்று இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் பாட்டும் மறுபக்கம் வெறுமையாக அல்லது இறக்கை வைத்த தேவதை முத்திரையோடும் இருந்தாலோ அதைத் தனியே எடுத்து வையுங்கள். புனல் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கிற எச்.எம்.வி. முத்திரை அதற்குப் பிந்தையது. அந்த ஆரம்பகாலத் தட்டு சிலவற்றில் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். கடல் கடந்து போகிற மூலத்தட்டில் யார் குரல் என்று அச்சடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டுமல்லவா, அதற்காக.

அடுத்து, லேபிளுக்கும் ஊசி ஓடுகிற பள்ளத்துக்கும் நடுவே உள்ள வழவழப்பான வளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே கீறியோ குத்தியோ ஓர் எண் இருக்கும். கிராமபோன் கம்பெனித் தட்டில் அந்த எண்ணுக்குப் பின் சிறு முக்கோணம் இருந்தால் அது 1925க்கும் 1931க்கும் இடையில் மைக் வைத்துப் பதிந்தது. சதுரம் இருந்தால் 1931க்குப் பிறகு. கொலம்பியாத் தட்டில் வட்டத்துக்குள் டபிள்யூ இருந்தாலும் மைக் பதிவுதான். எந்தக் குறியும் இல்லாத பழைய தட்டு, புனலுக்குள் பாடிப் பதிந்ததாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குறி பதிவின் காலத்தைத்தான் சொல்லும், அச்சின் காலத்தைச் சொல்லாது. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்துவிட்டார். அதற்காக அவர் தட்டெல்லாம் அதற்கு முன்பே அச்சானவை என்று விளம்பரம் போடாதீர்கள். ஓடுகிற பாட்டைப் பிறகும் மறுபடி மறுபடி அடித்திருக்கிறார்கள். லேபிளின் நிறத்தையும் அச்செழுத்தையும் ஒப்பிட்டால்தான் முதல் அச்சா மறு அச்சா என்று பிடிபடும்.

நாடக செட்டுகளைக் கலைத்துவிடாதீர்கள். அப்போது ஒரு நாடகத்தை நாலைந்து தட்டுகளில் பாகம் 1, பாகம் 2 என்று விற்றார்கள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தானே ஓடும். செட்டில் ஒரு தட்டு குறைந்தாலும் விலை சரிந்துவிடும்.

பாத்தே கம்பெனித் தட்டு இருந்தால் இரும்பு ஊசியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மற்றத் தட்டுகளில் பள்ளம் பக்கவாட்டில் நெளியும். அதில் மேலும் கீழும் ஏறி இறங்கும். அதற்கு நீலக்கல் உருண்டை முனை வேண்டும். இரும்பு ஊசி ஒரே ஓட்டத்தில் சுரண்டிவிடும்.

சுத்தம் செய்வது: ஸ்பிரிட், சென்ட், கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவும் கூடவே கூடாது. தட்டு அரக்கும் கல்மாவும் (கல்பொடி) கரியும் கலந்து செய்தது. உங்கள் வீட்டுத் தேக்கு அலமாரிக்குப் பாலிஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள், தட்டும் அப்படியே கரையும். ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. நிழலில் நிறுத்திவைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம் போல வளைந்துவிடும்.

தரம் பார்க்கத் தட்டை ஓட்ட வேண்டியதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஓட்டாத தட்டு கறுப்பாக மின்னும், தேய்ந்தது சாம்பல் பூத்திருக்கும்.

சாவிக்கைப்பிடி:

பெட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன். புனல் பெட்டி நிஜமானதா என்று முதலில் பாருங்கள். எண்கோண அடிப்பெட்டி, பளபளக்கும் பித்தளைப் புனல், முன்பக்கம் பெரிதாக நாய் தகடு என மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகப்படலாம். நம் நாட்டிலேயே அலங்காரத்துக்காகச் செய்து விற்பவை அப்படித்தான் இருக்கும். அந்தப் போலிகளுக்கு மோட்டார் எங்கிருந்து வருகிறது தெரியுமா? உங்களிடம் இருக்கிற சூட்கேஸ் மாதிரிப் பெட்டியைப் பிரித்துத்தான். ஆகவே அந்தச் சின்னப் பெட்டியை அலட்சியமாக நினைக்காதீர்கள். மூடியில் நாய் படமும் உள்ளே 102 என்ற மாடல் எண்ணும் இருந்தால் அது 1931 முதல் பல ஆண்டுகள் விற்றது, முழுசாக இருந்தால் வாங்க ஆள் உண்டு.

சாவி கொடுத்துப் பார்க்க ஆசை வரும், பொறுங்கள். பல வருஷம் கிடந்த கிரீஸ் தார் மாதிரி இறுகியிருக்கும். ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இளகும்போது டங் டங்கென்று குதிக்கும். அதிகம் சாவி கொடுத்ததால் பழுதானது என்பார்கள். இறுகின கிரீஸும் துருவும்தான் காரணம். பத்துச் சுற்று மட்டும் கொடுத்து, ஓடி நிற்கவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் டப்பாவை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். விசை மிச்சமிருந்தால் கையைக் கிழித்துவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி கிராஃபைட் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் மூன்று குண்டுகள் சுழலும், அதன் தோல் பட்டைக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

வேகம் சரியா என்று பார்க்கத் தட்டுக்கடியில் ஒரு காகிதத் துண்டை நீட்டி வைத்து எண்ணுங்கள். பத்து விநாடிக்கு 13 சுற்று வந்தால் 78 சரி.

ஊசி மாட்டுகிற, சத்தம் எழுப்புகிற சவுண்ட் பாக்ஸ்தான் உயிர்நாடி. பழையதில் அபிரகத் தகடு, பிந்தையதில் அலுமினியம். சுற்றியுள்ள ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருந்தால் சத்தம் கரகரக்கும், தட்டும் வேகமாகத் தேயும். வளையத்தை மாற்றினால் போதும், பாக்ஸையே மாற்றிவிடாதீர்கள். பின்மூடி துத்தநாகக் கலவையில் வார்த்ததென்றால் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். அதை நெம்பிக் கழற்றினால் பொடிப்பொடியாகிவிடும்.

ஊசி விஷயம் வாங்குகிறவருக்கும் சொல்லுங்கள்: ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி. தட்டில் உள்ள கல்மா ஊசிமுனையை அரைத்து அந்தப் பள்ளத்துக்குப் பொருத்தமாக்குகிறது. பக்கம் முடியும்போது முனை உளி மாதிரி ஆகிவிடும். அதையே அடுத்த பாட்டுக்கு வைத்தால் பள்ளத்தைச் செதுக்கும். துருப்பிடித்த ஊசி பயன்படாது, ஆனால் படம் போட்ட தகர டப்பாவுக்குத் தனியாகச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். மரப்பெட்டிக்குப் புது வார்னிஷ் அடிக்காதீர்கள்.

ரீடு கட்டை:

ஆர்மோனியத்துக்கு முதல் சோதனை துருத்தி. நன்றாகக் காற்று நிரப்பி, எந்தக் கட்டையையும் அழுத்தாமல் விடுங்கள். புஸ்ஸென்று உடனே இறங்கினால் தோல் அல்லது மடிப்பில் ஓட்டை. கட்டையைத் தொடாமலே ஒரு சுரம் கத்திக்கொண்டிருந்தால் உள்ளே வால்வுத் தோலைப் பூச்சி அரித்திருக்கும். பேசாத ரீடைப் (சுரம் எழுப்பும் உலோக நாக்கு) பெரும்பாலும் தூசிதான் அடைத்திருக்கும். நாக்குக்கடியில் மெல்லிய காகிதத்தை மெதுவாக இழுத்தால் பேசிவிடும். நெம்பி வளைத்தால் அந்த ரீடு போச்சு.

மேல்பலகையைத் திறந்து ரீடுத் தகட்டின் முத்திரையைப் படம் எடுங்கள். பாரிஸ் காஸ்ரியேல் பெயரோ ஜெர்மன் பெயரோ இருந்தால் விளம்பரத்தில் அதை முதல் வரியில் போடுங்கள். விற்பதற்காக இன்றைய 440 (விநாடிக்கு அத்தனை அதிர்வு) சுருதிக்கு ரீடைச் சுரண்டி ஏற்ற வேண்டாம். அந்நாள் பிரெஞ்சுச் சுருதி 435. வாங்குகிறவர் கச்சேரிக்கு வாங்குகிறாரா காட்சிக்கு வாங்குகிறாரா என்று தெரிந்த பிறகு அவரே முடிவு செய்துகொள்ளட்டும். சுரண்டிய உலோகம் திரும்பி வராது.

வெள்ளைக் கட்டைகளில் ஒட்டியிருப்பது என்ன என்று பாருங்கள், இது சட்ட விஷயம். யானைத் தந்தமாக இருந்தால் விற்க முடியாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் தடுக்கின்றன. தந்தத்தில் ஒழுங்கற்ற மெல்லிய ரேகைகள் ஓடும். செல்லுலாய்டில் ரேகை இருக்காது, இருந்தாலும் நேர்க்கோடு போட்ட மாதிரி ஒரே சீராக இருக்கும், அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பிடிலுக்குள் ஸ்ட்ராடிவாரியஸ் என்று லேபிள் இருக்கும், கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆயிரக்கணக்கில் செய்த வியாபாரப் பிடில்களில் அந்த லேபிளை மாதிரியின் பெயராக ஒட்டினார்கள். விளிம்பைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோடு மரத்தில் பதித்ததா, மையால் வரைந்ததா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பதித்ததென்றால் ஒருபடி மேல். தந்திகளை மொத்தமாகக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே நிற்கிற சிறு குச்சி இறுக்கத்தில்தான் நிற்கிறது, அது விழுந்தால் மறுபடி நிறுத்த ஆள் தேட வேண்டும்.

இன்னொன்று, நூறு வருஷம் தாண்டிய பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும். வெளிநாட்டில் இருந்து யாராவது கேட்டால், தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்காமல் அனுப்பாதீர்கள்.

பள்ளத்தூர்ப் புள்ளி:

மூவருக்கும் நன்றி. பார்த்தேன், ஏழெட்டுத் தட்டுகளில் முக்கோணம் இருக்கிறது. ஒருபக்கத் தட்டு இரண்டு. உறைகளில் ரங்கூன், பினாங்குக் கடை முத்திரைகளும், காரைக்குடி முத்திரையும் கலந்திருக்கின்றன. உறைகள் கிழிந்திருப்பதால் புது உறை போட்டுவிடலாமா? டிரங்குப் பெட்டிக் காகிதங்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடலாமா?

கொட்டகை:

வேண்டாம், வேண்டாம்! புது உறை போடுங்கள், ஆனால் பழைய உறையை அந்தந்தத் தட்டின் எண்ணைப் பென்சிலில் குறித்துக் கூடவே வையுங்கள். கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நாட்டிலிருந்து பெட்டியும் தட்டும் ஊருக்கு வந்த வழியை அந்த முத்திரைகள்தான் காட்டும். காரைக்குடி முத்திரை ஏ.வி. அண்ட் சன்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆவிச்சி செட்டியார் நடத்திய கடை, கிராமபோன் தட்டு விற்றார்கள். அவர் மகன் மெய்யப்பன், விற்பதோடு நிற்காமல் தட்டையே தயாரிப்போம் என்று சென்னைக்குப் போய்க் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார், ஓடியன் கம்பெனித் தட்டுகளைத் தென்னாட்டில் விற்றார். ஏவிஎம் சினிமாக் கம்பெனி பிறகு வந்தது. ஓடியன் லேபிளும் காரைக்குடி முத்திரையும் ஒரே உறையில் சேர்ந்திருந்தால் அதைத் தட்டிலிருந்து பிரிக்கவே கூடாது.

பில் புத்தகம் தட்டைவிடப் பெரிய செய்தி. அந்நாளில் கிராமபோனுக்கென்று தனிக்கடைகள் குறைவு. கடிகாரம், சைக்கிள், ஆர்மோனியம் விற்றவர்களே இதையும் விற்றார்கள். சென்னையில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் கொலம்பியாத் தட்டு விற்ற மாதிரி. பெட்டி ஒரு தடவைதான் விற்கும், ஊசியும் தட்டும் மாதாமாதம் விற்கும். கடை நின்றது அதில்தான். எந்த ஊருக்கு எந்தத் தட்டு எத்தனை போனது என்று உங்கள் பில் புத்தகத்தில் இருந்தால், அது நம் பக்கத்துப் பாட்டு ரசனைக்கே கணக்கு. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. பாட்டுப் புத்தகம், விலைப்பட்டியல், பில் எல்லாவற்றையும் முதலில் அவர்களிடம் காட்டுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றாலும் பக்கம் பக்கமாகப் படமெடுத்த பிறகு விற்கலாம்.

தட்டுப்பித்தன்:

அந்த ஒருபக்கத் தட்டு இரண்டையும் விற்கும் முன் ஒலிமாற்றம் (பாட்டைக் கணினிக்கு மாற்றிப் பதிவது) செய்துவிடுங்கள். கிராமபோனில் ஓட்டி போனில் பிடிப்பதல்ல. 78க்கென்று உள்ள முனை, அதன் உருண்டை நுனியின் ஆரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, போட்ட மின் டர்ன்டேபிளில் ஓட்ட வேண்டும். பிற்கால எல்.பி. தட்டுக்கான மெல்லிய முனை பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியைத்தான் வாசிக்கும்.

அனுப்புவது: பத்துத் தட்டுக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் காகித உறையில், இரண்டு தட்டுக்கு நடுவே தட்டைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிய அட்டை. தட்டுக் கட்டு ஆடாதபடி இறுக்கி, சுற்றிலும் இரண்டு அங்குலம் மெத்தை வைத்து இன்னொரு பெட்டிக்குள் போடுங்கள். தட்டு பெட்டியின் சுவரில் நேராகத் தொட்டால் ஒரே இடியில் விரிசல்தான். விற்கும் வரை அலமாரியில் நிறுத்தி வையுங்கள். சாய்த்து வைத்தால் வளையும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். மச்சு அறை வேண்டாம், சித்திரை வெயிலுக்கு அங்கே தாங்காது. கீழ்க்கட்டில் சுவரை ஒட்டாமல் வையுங்கள். பார்சல் ஆபீசில் ‘கண்ணாடி’ என்று எழுதிக் கொடுங்கள், ‘ரெக்கார்டு’ என்று எழுதினால் ஆபீஸ் காகிதம் என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள்.