ஏ.ஆர்.இ. தேர்வு எழுதியவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்களேன்

வணக்கம். சென்னையில் பி.ஆர்க் முடித்துவிட்டு இப்போது சிகாகோவில் வேலை செய்கிறேன். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லைசென்ஸுக்கான ஏ.ஆர்.இ. 5.0-இல் ஆறில் மூன்று தேர்வுகளை முடித்தாயிற்று. நான்காவதாக எழுதிய 'ப்ராஜெக்ட் பிளானிங் அண்ட் டிசைன்' போன மாதம் கைநழுவிவிட்டது. 60 நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும்.

100 கேள்விகள், 4 மணி 5 நிமிடம். கட்டட விதிகள் பரவாயில்லை. ஸ்பிரிங்க்ளர் (தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பான்) இருந்தால் இரண்டு வெளியேறும் வழிகளுக்கு இடையே உள்ள தூரம் அந்த இடத்தின் மூலைவிட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் பாதி என்பதெல்லாம் மனப்பாடம். தடுமாறுவது சுவர் அடுக்குகளில்தான். குளிர்ப் பிரதேசத்தில் நீராவித் தடுப்பு இன்சுலேஷனுக்கு உட்புறம், வெதுவெதுப்பான பக்கம் வரும் என்று தெரியும். ஆனால் புழுக்கமான ஊரில் வளர்ந்த எனக்கு, வெட்டுத்தோற்றத்தை (சுவரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் படம்) பார்த்ததும் ஈரம் எங்கே தங்கும் என்பது சட்டெனப் பிடிபடுவதில்லை. அப்புறம், கடைசியில் வரும் இரண்டு கேஸ் ஸ்டடிகளுக்கும் (ஒரு திட்டத்தின் படங்களையும் ஆவணங்களையும் பார்த்துப் பதில் சொல்லும் பகுதி) நேரம் போதவில்லை.

சுவர் வெட்டுத்தோற்றங்களை எப்படிப் படித்தீர்கள்? கேஸ் ஸ்டடிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினீர்கள்? வார இறுதியில் சேர்ந்து படிக்க யாராவது இருந்தால் சொல்லுங்கள், மிகவும் உதவியாக இருக்கும்.