புதுப்பிப்பு: வாண்டோடு நகரத்தில் ஒரு நாள்

இரண்டு வயது மகளோடு பெரிய நகரத்தில் எங்கே போனாலும் மதியத்துக்குள் அழுகையில் முடிகிறதே, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று வைத்துக்கொண்டோம். திறந்ததும் உள்ளே போய், மதியத் தூக்கத்துக்கு வீடு திரும்பிவிடுகிறோம். தள்ளுவண்டியிலிருந்து அடிக்கடி இறக்கிவிடச் சொன்னதும் ரொம்பச் சரி. இந்த வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து கட்டிவைத்து உட்காரவைக்கக் கூடாது, நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி.

போன வாரம் அருங்காட்சியகத்தில் அத்தனை பெரிய எலும்புக்கூட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசல் சாய்தளத்தில் ஏறி இறங்கி, கைப்பிடிக் கம்பியைத் தட்டி, காதை வைத்து அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தாமல் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு!

அப்புறம், ரயில் நிலையத்தில் லிஃப்ட் ஓடுகிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். நகரும் படிக்கட்டில் தள்ளுவண்டியை ஏற்றவே வேண்டாம்.