லயத்துக்கு மேலே வெடிப்பு: மழை அளக்கும் தோட்டத்தார் யாரும் இருக்கிறீர்களா?

அண்ணன்மாரே, அக்காமாரே, பதுளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கேட்கிறேன். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே மண்மேட்டில் வெடிப்பு தெரிகிறது. கிராம சேவகரிடம் சொல்லியாயிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கும்வரை மழையை நாங்களே அளக்க யோசனை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது மண்சரிவுக்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

சரி, நடுச்சாமத்தில் யார் எழும்பிப் பார்ப்பது? முறை வைத்தீர்களா? 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது காலையில், அதனால் பகலிலும் ஆள் வேண்டும். எச்சரிக்கைக்குக் கோயில் மணியா, ஒலிபெருக்கியா? கரண்ட் போனால் ஒலிபெருக்கி ஊமைதானே! நடக்கமுடியாத பாட்டிமாரை முன்கூட்டியே எங்கே தங்கவைத்தீர்கள்?

போத்தலில் மழைமானி செய்தவர்கள் படம் போடுங்கள்.