வெள்ளைச் செரமிக் தாச்சியில் முட்டை ஒட்டுகிறது. 11 மாதம்தான் ஆகிறது, காப்பாற்ற வழி உண்டா?

செட்டிகுளம் வீட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் மடுத் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த மச்சாள் ஒரு செரமிக் நொன்ஸ்டிக் தாச்சி கொண்டுவந்து தந்தார். உள்ளே பால் வெள்ளை, வெளியே கடும் பச்சை, கண்ணாடி மூடியும் உண்டு. முதல் மூன்று மாதம் இதைப்போல ஒரு சாமான் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எண்ணெய் ஒரு துளி இல்லாமல் முட்டையை உடைத்து ஊற்றினால் அது தாச்சிக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். சின்னவன் அந்த ஓட்டத்தைப் பார்க்கவென்றே முட்டை கேட்பான்.

இப்போது நடுவில் உள்ளங்கை அளவுக்கு மண்ணிறம் பிடித்திருக்கிறது. சுற்றிவர மங்கலாக ஒரு வெள்ளைப் படை. முட்டை நடுவில் விழுந்தால் போச்சு, தட்டகப்பையால் கிளப்பும்போது அடிப்பாதி தாச்சியோடு, மேற்பாதி என் கையோடு. உற்றுப் பார்த்தால் கீறல் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் வடிவாகக் கழுவித்தான் கவிழ்க்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது? திரும்பப் பழையபடி ஆக்கலாமா? பூச்சு வயிற்றுக்குள் போயிருக்குமோ என்றும் ஒரு பயம். ஆவணி 15க்கு மச்சாள் திரும்ப வருகிறார். தாச்சி எப்படி என்று கேட்காமல் விடமாட்டார்.

முள்ளியவளை அக்கா:

பிள்ளை, மனம் நோகாதே, இந்த வெள்ளை, கறுப்புப் பூச்சுச் சாமானெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். என் அம்மாவின் இரும்புத் தோசைக்கல் போர்க்கால இடப்பெயர்வில் மாத்தளன் வரைக்கும் உரப்பையில் வந்தது. பிறகு உங்கள் செட்டிகுளத்து முகாமிலும் அதில்தான் ரொட்டி சுட்டோம். இன்றைக்கும் என் குசினியில் அதுதான். ஒரு இரும்புத் தாச்சி வாங்கு, நல்லெண்ணெய் பூசிப் பூசிப் பழக்கு, உன் பேரப்பிள்ளைக்கும் மிஞ்சும்.

முன்னாள் கோக்கி:

அக்கா சொல்வது சரி. ஆனால் தங்கச்சி கேட்டது கையில் இருக்கிற தாச்சியைப் பற்றி. கட்டாரில் ஹோட்டல் குசினியில் ஆறு வருஷம் நின்றவன் நான், இந்தச் செரமிக் தாச்சிகள் எத்தனையோ என் கையால் செத்திருக்கின்றன.

முதலில் சிலது சொல்லுங்கள். காஸ் அடுப்பா, விறகா? பெரிய பேர்னரா, சின்னதா? முட்டை மட்டுமா, ரொட்டி, பொரியலும் உண்டா? எதைப் போட்டுத் தேய்க்கிறீர்கள்? சூடாக இருக்கும்போதே தண்ணீர் விடுவதுண்டா? கேத்திலுக்குள் வெள்ளையாகக் கல்லுப் பிடிக்கிறதா?

செட்டிகுளம் வீட்டுக்காரி:

அண்ணை, கேள்விகளை வாசிக்கும்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

காஸ்தான், பெரிய பேர்னர். காலையில் அவசரம், அதனால் முழு நெருப்பு. ரொட்டியும் அதில்தான் சுடுகிறேன். காஸ் முடிந்த இரண்டு மூன்று நாள் விறகடுப்பிலும் வைத்திருக்கிறேன். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கட்டின அடுப்பு, இன்னும் கோடியில் இருக்கிறது. சூட்டோடு தண்ணீர் விடுவேன், "சீ" என்று சத்தம் வரும், ஊத்தை கெதியாகக் கழரும் என்று நினைத்தேன். கேத்திலில் கல்லு, கேட்கவே வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணி அப்படி. குடிக்க வடிகட்டின தண்ணி எடுக்கிறோம், கழுவ, குளிக்க எல்லாம் கிணறுதான்.

தேய்க்கிற விஷயத்தில் ஒரு திடுக்கிடும் செய்தி. நான் ஸ்பொஞ்ச்தான். உங்கள் கேள்வியை வாய்விட்டு வாசித்தபோது மாமி சொல்கிறார், "நீ கழுவினால் மண்ணிறம் போகுதில்லை எண்டுதான் நான் பின்னேரத்தில தும்பும் சாம்பலும் போட்டு ஒரு பிடி பிடிக்கிறனான்" என்று. எத்தனை நாளாக என்று கேட்டேன். தைப்பொங்கலுக்கு முதலே தொடங்கிவிட்டாராம்.

புளியங்குளத்தான்:

இது சின்ன வேலை. கல்லுப்பு ஒரு கை நிறையப் போட்டு, நெருப்பைக் கூட்டி, உப்பு மண்ணிறமாகும்வரை வறுங்கள். அப்புறம் துணியால் அழுத்தித் தேயுங்கள். பழையபடி வழுக்கும். எங்கள் வீட்டில் செய்தோம்.

முன்னாள் கோக்கி:

தம்பி, உப்பு இரும்புத் தாச்சிக்கு நல்லது. இதில் செய்தால் ஒட்டியிருந்த எண்ணெய்ப் படை உரியும், அதனால் இரண்டு நாள் வழுக்குவது மாதிரித் தெரியும். கூடவே பூச்சும் தேயும். வெறும் தாச்சியைக் கூட்டின நெருப்பில் வைப்பதுதான் இதற்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய கொடுமை.

தங்கச்சி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பெயர்தான் செரமிக். சூளையில் சுட்ட பீங்கான் என்று நினைக்க வேண்டாம். அடியில் இருப்பது அலுமினியம். மணலில் இருக்கிற அதே சிலிக்காவைத் திரவமாக்கி அதன்மேல் விசிறி, சூட்டில் இறுகவைக்கிறார்கள். கண்ணாடி மாதிரி ஒரு தோல், பெரும்பாலும் தலைமயிர்த் தடிப்புக்கூட வராது. முட்டையை வழுக்கவைப்பது அந்தக் கண்ணாடி இல்லை. அதற்குள் சிலிக்கோன் எண்ணெய் போன்ற ஒன்று கலந்திருக்கும், அதுதான். சூடு ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும், திரும்ப ஊறாது. வழக்கமான கறுப்பு நொன்ஸ்டிக் தாச்சிகளில் வருகிற ரெப்லோன் பூச்சு அப்படி இல்லை, அந்தப் பொருளே மேலிருந்து அடிவரை வழுக்கல். அதனால் அது கீறுப்படும், உரியும், ஆனால் வழுக்கல் கனகாலம் நிற்கும். செரமிக் கீறுப்படாமல் வடிவாக இருக்கும்போதே வழுக்கல் போய்விடும். உங்களுக்குக் கீறல் தெரியாததன் காரணமும் அதுதான்.

சில பெட்டிகளில் 400 பாகைக்கு மேலும் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். பொய் இல்லை. தோல் எரியாது. வழுக்கல் தாங்கும் என்று அவர்கள் எழுதவில்லையே. பெரிய பேர்னரில் வெறும் தாச்சி சில நிமிஷத்திலேயே 300 பாகையைத் தொடும். விறகடுப்பில் எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? சூட்டோடு தண்ணீர் விடுவது இன்னொரு அடி. அலுமினியம் சட்டென்று சுருங்கும், மேலே இருக்கிற கண்ணாடித் தோல் அந்த அளவுக்குச் சுருங்காது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், அதற்குள் எண்ணெய் இறங்கிக் கருகும்.

ஆனால் உங்கள் தாச்சியில் எல்லாமே தேய்வு என்று சொல்ல மாட்டேன். மண்ணிறம் பெரும்பாலும் காய்ந்து இறுகின எண்ணெய். வெள்ளைப் படை உங்கள் கிணறு. இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் பூச்சுக்கு என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

முதலில் வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, இளஞ்சூடாக ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். கழுவுங்கள். அடுத்த நாள் அப்பச்சோடாவைக் கொஞ்சத் தண்ணீரில் களியாகக் குழைத்து, மண்ணிறத்தின் மேல் பூசி, அரை மணித்தியாலம் கழித்து மெல்லிய துணியால் வட்டமாகத் துடையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம், பொங்கும், ஒன்றையொன்று கெடுக்கும். தாச்சியின் வெளி அடி வெறும் அலுமினியமாக இருந்தால் சோடாத் தண்ணீரில் முழுவதும் ஊறப்போடவும் வேண்டாம், கறுக்கும்.

கடைசியாக, குடிக்கிற தண்ணீரால் அலசி, துடைத்து, ஆறவிட்டு, விரலால் துளித் துளியாகத் தண்ணீர் தெளியுங்கள். சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றால் அந்த இடத்தில் இன்னும் உயிர் இருக்கிறது. பரந்து படுத்தால் முடிந்தது.

கிளி வளர்க்கிற வீடு:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நொன்ஸ்டிக் தாச்சிப் புகையில் கிளி செத்துப்போகும் என்று கேள்விப்பட்டுத்தான் நானும் செரமிக் வாங்கினேன். இதிலும் அந்தப் பயம் உண்டா?

முன்னாள் கோக்கி:

அந்தக் கதை ரெப்லோனுக்கு. அதை 260 பாகைக்கு மேலே சூடாக்கினால் பிரியத் தொடங்கும், இன்னும் ஏறினால் வருகிற புகை குருவி, கிளிக்கு எமன். செரமிக் பூச்சில் ரெப்லோன் இல்லை. ஆனாலும் கருகின எண்ணெய்ப் புகையும் கிளிக்கு ஆகாது, கூட்டைக் குசினியில் வைக்காதீர்கள்.

தங்கச்சியின் பயத்துக்கும் இதிலேயே பதில் சொல்கிறேன். தேய்ந்த துகள் சிலிக்காதான், பெரும்பாலும் உடம்பில் தங்காமல் வெளியே போய்விடும். பூச்சு உரிந்து அலுமினியம் பளபளவென்று தெரியத் தொடங்கினால் மட்டும் புளி, தக்காளி போட்டுச் சமைப்பதை விடுங்கள். அந்த நிலையில் தாச்சியையே விடுவது நல்லது.

செட்டிகுளம் வீட்டுக்காரி:

மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்திருக்கிறேன்.

வினாகிரிக்கு வெள்ளைப் படை முழுவதும் போய்விட்டது, ஓரம் புதுத் தாச்சி மாதிரி மினுங்குகிறது. மிஞ்சின வினாகிரியைக் கேத்திலுக்குள் ஊற்றினேன், அதுவும் துப்புரவு. அப்பச்சோடாவுக்கு மண்ணிறம் தேத்தண்ணிச் சாயம் மாதிரித் துணியில் இறங்கியது. இரண்டு தரம் செய்தேன். நடுவில் மெல்லிய மஞ்சள் நிழல் மட்டும் மிச்சம்.

அப்புறம் தண்ணீர்த் துளி. மாமி, நான், பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ஓரத்தில் முத்து முத்தாக உருண்டது. நடுவில் விட்ட துளி அப்படியே படுத்துவிட்டது. படுத்த இடத்தைச் சுற்றி விரலால் கோடு இழுத்தேன், சரியாகப் பேர்னர் வளையத்தின் அளவு! தேய்த்தது மாமி என்று மூன்று நாளாக முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். தும்புதான் காரணம் என்றால் ஓரமும் தேய்ந்திருக்க வேண்டும் இல்லையா? நெருப்பு விழுந்த இடம் மட்டும்தான் போயிருக்கிறது. மாமியிடம் சொன்னேன். அவர் சொன்னது: "தேயத் தேயத் தீருமெண்டால், அப்ப இது தாச்சியோ, சவர்க்காரமோ?"

நேற்று சின்ன பேர்னரில், குறைந்த நெருப்பில், அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு முட்டை பொரித்தேன். ஒட்டவில்லை. பழைய ஓட்டம் இல்லை, ஆனால் முழுதாகக் கழன்று வந்தது.

முன்னாள் கோக்கி:

மாமி ஒரு வரியில் சொன்னதைத்தான் நான் இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கிறேன். ஆனாலும் சாம்பல் கொஞ்சம் துணை போயிருக்கும், அவரை முழுதாக விடுதலை செய்ய முடியாது.

இனி இதில் முட்டை, பான் வாட்டுவது, அவ்வளவோடு நிறுத்துங்கள். முதலில் எண்ணெய், பிறகு நெருப்பு. நெருப்பு வளையம் தாச்சி அடியைவிடச் சின்னதாக இருக்கட்டும். மரத் தட்டகப்பை. ஆறின பிறகு கழுவி, உடனே துணியால் துடையுங்கள், உங்கள் தண்ணி தானாகக் காய்ந்தால் திரும்பவும் கல்லுத்தான். இப்படி வைத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். காலைமாலை முழு நெருப்பில் போட்டால் ஒரு வருஷமே அதிகம். புதிது வாங்கினாலும் இதே கணக்குத்தான், எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும்.

புளியங்குளத்தான்:

உப்பு வறுத்த எங்கள் தாச்சிக்கும் துளிச் சோதனை செய்து பார்த்தேன். ஓரம்கூட உருளவில்லை. அண்ணையிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

முள்ளியவளை அக்கா:

இரும்பு வாங்கப் போனால் தூக்கிப் பார், கை இறங்க வேண்டும். மட்டமான நிலத்தில் வைத்துப் பார், ஆடினால் எடுக்காதே. முதல் நாள் நன்றாகக் கழுவிக் காயவைத்து, நல்லெண்ணெய் மெல்லிசாகப் பூசிப் புகைய விடு. அப்படி நாலைந்து தரம். முதல் ரொட்டி ஒட்டும், அதைக் கோழிக்குப் போடு.

செட்டிகுளம் வீட்டுக்காரி:

வாங்க வேண்டாமாம் அக்கா. மாமியின் பழைய இரும்புத் தாச்சி ஒன்று கோடியில் கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டியாகக் கிடந்தது. துருவைத் தேய்த்து எடுக்கிற வேலையை மாமி தும்போடும் சாம்பலோடும் தொடங்கிவிட்டார், இந்த முறை நான் தடுக்கவில்லை. ரொட்டிக்கு அது, முட்டைக்கு வெள்ளைத் தாச்சி. மச்சாளின் கண்ணாடி மூடி மட்டும் இன்னும் புதிதாக இருக்கிறது. இரும்புத் தாச்சியில் வைத்துப் பார்த்தேன், அளவு சரி.